லினக்ஸ் மூன்று முறை வந்த கதை



கடைசி செமஸ்டர் முடிந்துவிட்டது, ரிசல்ட் இன்னும் வரவில்லை. வெளியே சாரல் விட்டு விட்டுப் பெய்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் மேல் போன் போடுகிற காலம். குத்துக்கல்வலசையில் வீடு இருந்தால் அருவிக்கு நாம்தான் தகவல் அதிகாரி :-)

ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு விஷயத்தை இப்போது எழுதிவிடுகிறேன். "பி.காம் படிச்சிட்டு எதுக்குடே லினக்ஸப் பத்தி எழுதுத?" என்று வகுப்பில் கேட்பார்கள், தெரியும். இது கம்ப்யூட்டர் பாடம் இல்லை. ஒரு பொருள் நம் ஊர்ப் பக்கம் மூன்று முறை வந்தும் ஏன் தங்கவில்லை, மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் எப்படித் தங்கியது என்கிற வரலாறு.

முதலில் என் லேப்டாப்பைப் பற்றி. இது பெரியப்பா மகன் பிளஸ் டூ படிக்கும்போது, 2012-இல், அரசு கொடுத்தது. அண்ணன் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும் இது என்னிடம் வந்தது. 2 ஜிபி நினைவகம். பேட்டரி செத்துப் பல வருஷம் ஆகிறது, வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். ஆன் செய்தால் திரையில் இரண்டு பெயர் வரும். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். சின்ன வயதில் "அது என்னண்ணே ரெண்டாவது?" என்று கேட்டேன். "அதத் தொடாதல, கெட்டுப் போயிரும்" என்றார். அவர் கூடப் படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்களாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் விண்டோஸ் எழுந்திருப்பதற்குள் அம்மா காப்பி போட்டு ஆற்றிக் கொடுத்துவிடும் நிலைமை வந்தது. அப்போதுதான் துணிந்து லினக்ஸ் மின்ட் என்பதன் எடை குறைந்த வகை ஒன்றைப் போட்டேன். லேப்டாப்புக்கு மறுபிறவி. ஆனால் அன்றிலிருந்து எனக்கு வந்த தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் தொல்லை, ப்ரிண்டர். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. சித்தப்பா வீட்டு லேசர் ப்ரிண்டரை இணைத்தேன். கணினி அதன் பெயரை அழகாகக் காட்டியது. அச்சடிக்கச் சொன்னால் விளக்கு மட்டும் கண் சிமிட்டியது, தாள் நகரவில்லை. ஒரு ராத்திரி முழுக்கப் போனது. மறுநாள் வகுப்பில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெஞ்சுப் பையன் "கொண்டா பாக்கலாம்" என்றான். அவன் ஆரியங்காவுப் பக்கம், பத்தாவது வரை கேரளாவில் படித்தவன். சில வகை ப்ரிண்டர்கள் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கணினியிடமிருந்து ஒரு சின்னக் கோப்பை எதிர்பார்க்குமாம். அது வரும்வரை தான் யார் என்பதே அவற்றுக்குத் தெரியாது. அந்தக் கோப்பைத் தனியாக இறக்கி வைத்தான். பத்து நிமிஷம். தாள் வந்தது. "எப்படிடே தெரியும்?" என்றேன். "எட்டாம் கிளாஸ்ல ஸ்கூல்ல இதே வந்துச்சு, டீச்சர் காட்டிக் கொடுத்தாங்க" என்றான்.

அந்த ஒரு பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்குத் திரும்பி வருவேன்.

வேடிக்கை என்னவென்றால், லினக்ஸின் பூர்வ கதையும் ஒரு ப்ரிண்டர் தொல்லையில்தான் தொடங்குகிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை அறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் ப்ரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய ப்ரிண்டரின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் ஆட்களுக்குத் தகவல் போகும்படி செய்து வைத்திருந்தவர். புதியதற்கும் அதையே செய்ய நினைத்தார். மூல நிரல் வேண்டுமே! கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அதை வைத்திருந்த ஒருவரிடம் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முடியாது என்று பதில் வந்தது. 1983-இல் அவர் க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்த மறுப்பும் ஒரு காரணம். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்கிற மென்பொருள்களை உண்டாக்குவது அந்தத் திட்டம். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கியில் 21 வயதுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதுவதாக இணையக் குழு ஒன்றில் அறிவித்தார். அவருடைய கரு நிரலும் க்னூவின் கருவிகளும் சேர்ந்துதான் இன்று என் லேப்டாப்பில் ஓடுகின்றன.

இரண்டாவது தொல்லை, கொம்பு. அதே ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் தமிழ்ப் பக்கங்களைத் தென்காசியில் ஒரு டிடிபி கடையில் அடித்து வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் பக்கம் பூராவும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். "அண்ணாச்சி, எழுத்தே தெரியலயே?" என்று போன் போட்டால், "வானவில் ஃபாண்ட் போடணும் தம்பி" என்றார். அங்கேதான் சிக்கல். பழைய தமிழ் எழுத்துருக்களில் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேஷம் கலைந்துவிடும். இதை ஒழுங்குபடுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் அங்கிருந்து வந்தவை. இணையத்தில் புழங்கியவர்கள் டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டை வைத்திருந்தார்கள். கடைசியில் யூனிகோடு எல்லாவற்றையும் ஓரம் கட்டியது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது. அப்படியும் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒரு மாற்றி வைத்து என் கோப்பை யூனிகோடாக்கி, தப்பு வந்த இடங்களைக் கையால் திருத்தினேன். ஒரு ராத்திரி.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதை முதலில் 'க', பிறகு 'ஒ'வின் குறி என்று வரிசையாகச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைத்து, காலைப் பின்னால் வைக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு தனி மென்பொருள் வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தோடு அநாதையாகத் தொங்கும். ஆரம்பகால லினக்ஸில் தமிழ் படித்தவர்கள் பட்ட அவஸ்தை இதுதான். 2002-இல் வந்த க்னோம் 2 மேசைச் சூழல் இந்த வேலையைப் பேங்கோ என்ற நிரலிடம் கொடுத்தது. 'பான்' என்ற கிரேக்கச் சொல்லும் மொழியைக் குறிக்கும் 'கோ' என்ற ஜப்பானியச் சொல்லும் சேர்ந்த பெயர் அது. 2004-இல் ரெட் ஹாட் நிறுவனம் லோஹித் எழுத்துருக்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது, அதில் தமிழும் இருந்தது. இன்று நம் ஆண்ட்ராய்டு போனிலும் பெரும்பாலான உலாவிகளிலும் கொம்பை இடம் மாற்றி வைப்பது ஹார்ஃப்பஸ் என்ற நிரல். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்தது. பெயரும் பாரசீகம். 'கொ' என்று நாம் அடித்து, அது 'கொ' என்றே தெரிவதற்குப் பின்னால் இத்தனை ஊர்க்காரர்கள்!

மூன்றாவது தொல்லை, கரண்ட். சீசன் காற்றில் கரண்ட் போவது எங்களுக்குப் புதிதில்லை. பேட்டரி செத்த லேப்டாப்பில் கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த வேலை நடுவில் அறுந்துபோகும். ஒருமுறை மூன்று தடவை அடுத்தடுத்துப் போனது. "செத்தேன்" என்று நினைத்தேன். திரும்ப ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் சில வரிகள் ஓடின, பிறகு எதுவும் நடக்காதது போல் வந்து நின்றது. ஏன் என்று தேடிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் 'ஜர்னல்'! நாம் கணக்குப்பதிவியலில் படிக்கிற அதே குறிப்பேடுதான். நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டுக்கு எடுத்துப் போகிறோம் அல்லவா? 2001-இல் லினக்ஸில் சேர்ந்த ஈஎக்ஸ்டி 3 கோப்பு முறையும் 2008-இல் நிலைபெற்ற ஈஎக்ஸ்டி 4-உம் அதையே செய்கின்றன. எந்தக் கோப்பின் விவரம் எப்படி மாறப்போகிறது என்பதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் உரிய இடத்தில் மாற்றும். நடுவில் கரண்ட் போனால், எழுந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். சேமிக்காத பக்கம் போனது போனதுதான். ஆனால் வட்டு முழுக்கக் குழம்பிப்போகாது. இதற்கு முன்னால் இருந்த முறையில் வட்டு முழுவதையும் முதலிலிருந்து சோதித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த மூன்று தொல்லையிலும் கவனித்தால் ஒன்று தெரியும். இரண்டாவதும் மூன்றாவதும் யாரோ முன்பே பட்டு, சரிசெய்து, எழுதி வைத்தவை. எனக்குத் தேவைப்பட்டது தேடிப் படிக்கிற பொறுமை. முதலாவதில் மட்டும் எவ்வளவு தேடியும் நடக்கவில்லை. ஒரு ஆள் வந்து உட்கார வேண்டியிருந்தது. இதை வைத்துக்கொண்டு இப்போது அந்த மூன்று வருகைக்கு வருவோம்.

முதல் வருகை 2007 வாக்கில். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு அப்போது சி. உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநர். அவர் காலத்தில் எல்காட் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது, இந்தியா முழுக்க அது செய்தியானது. அதே 2007 ஜனவரியில்தான் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸின் முதல் பதிப்பும் வெளிவந்தது. டெபியன் அடிப்படையில், இந்திய மொழிகளுக்காகவே செய்யப்பட்டது.

இரண்டாவது வருகை 2011 செப்டம்பர் 15. அன்று முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆரம்ப வருஷங்களில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. யோசித்துப் பாருங்கள். லினக்ஸை இத்தனை வீடுகளுக்குள், அதுவும் இலவசமாக, கொண்டுபோய் வைத்த திட்டங்கள் உலகத்திலேயே குறைவு. எங்கள் தெருவிலேயே நான்கைந்து வீட்டில் இருந்தது. ஆனால் "அதத் தொடாதல" என்பதுதான் அதற்குக் கிடைத்த வரவேற்பு.

மூன்றாவது வருகை 2018. பிளஸ் ஒன்னுக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தது. காமர்ஸ் குரூப்பில் கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும். விண்டோஸ் பாடத்தோடு உபுண்டுவும் உண்டு, ஓப்பன் ஆபீஸும் உண்டு. நானும் படித்தேன். உபுண்டு திரையின் படத்தில் எந்தப் பட்டை எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்தேன், மார்க்கும் வாங்கினேன். பள்ளி ஆய்வகத்தில் இருந்ததெல்லாம் விண்டோஸ். நீச்சலைப் படம் பார்த்துப் படித்த கதை.

சரி, மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது? செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு, கேரளா. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. கோடு மாறியதில் பாஷை மட்டுமா பிரிந்தது, பள்ளிக்கூடக் கணினியும்கூடப் பிரிந்துவிட்டது!

2001 ஜூலையில் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில் கேரள அரசு 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. முதலில் அங்கும் விண்டோஸ்தான். அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாக லினக்ஸுக்கு மாறினார்கள். மாற்றத்தின் மையம் கணினி இல்லை, ஆசிரியர். முதலில் சில ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அவர்கள் மாவட்டம்தோறும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி, ஒவ்வொரு பள்ளியிலும் ஐடி விஷயத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர். செய்முறைத் தேர்வையும் அதிலேயே வைத்தார்கள். பரீட்சை அதில்தான் என்றால் கணினி ஓடியே ஆக வேண்டும், ஓடவில்லை என்றால் சரிசெய்ய ஆள் இருந்தே ஆக வேண்டும். 2017-இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர்களுக்கே ஒரு மன்றம். பள்ளிக் கணினியைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளையே பழக்குகிறார்கள். என் பெஞ்சுக்காரன் அதில் இருந்தவன். பி.காம் படிக்க வந்த பையன் பத்து நிமிஷத்தில் ப்ரிண்டரை ஓடவைத்த ரகசியம் இதுதான்.

தமிழ்நாட்டில் ஆளே இல்லை என்று சொல்லவில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990-களின் பிற்பகுதியிலிருந்தே இருக்கிறது. பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடியில் கூடினார்கள். உபுண்டு 2004-இல் வந்தபின் அதற்கும் தமிழ்க் குழு அமைந்தது. அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் உபுண்டு சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள், 2011 வரை. 2012 ஜனவரியில் 'கணியம்' மின்னிதழ் தொடங்கியது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. என் அரைகுறை அறிவில் பாதி அங்கிருந்து எடுத்தது. இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆர்வம்தான். ஆனால் ஒன்று. இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தென்காசிக்காரன் போக வேண்டுமென்றால் முந்தின நாள் சாயங்காலமே பொதிகை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும். ப்ரிண்டரைத் தூக்கிக்கொண்டு பொதிகையில் போக முடியுமா :-)

ஆக எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மூன்று முறையும் நம்மிடம் பொருள் வந்தது, கெட்டால் கேட்பதற்கு ஆள் வரவில்லை. விண்டோஸ் இங்கே தங்கியதற்கும் அதே காரணத்தைத்தான் சொல்வேன். விண்டோஸில் தொல்லையே இல்லையா என்ன? தொல்லை வந்தால் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை அண்ணாச்சி இருக்கிறார், அடுத்த வீட்டு அண்ணன் இருக்கிறார். காமர்ஸ் பாஷையில் சொன்னால், விற்பனைக்குப் பிந்தைய சேவை. பொருள் இலவசம் என்பதால் அந்தச் செலவும் இல்லை என்று கணக்கில் விட்டுவிட்டோம். கேரளா அந்தச் செலவை ஆசிரியர் பயிற்சி என்ற தலைப்பில் வருஷாவருஷம் எழுதிக்கொண்டே வந்தது.

லினக்ஸில் எல்லாம் முடியும் என்று நான் சாதிக்க வரவில்லை. டேலி விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது, அதற்கு நான் கல்லூரி ஆய்வகத்துக்குத்தான் போனேன். இரட்டைப் பதிவு பழகுவதற்கு வீட்டில் க்னூகேஷ் போதுமாக இருந்தது. அப்பா கடைக் கணக்கு மூன்று மாதம் அதில் போட்டுப் பார்த்தேன். நான்காம் மாதம் அப்பா தன் நீள நோட்டுக்கே திரும்பிவிட்டார், அது வேறு கதை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த பதிப்பை நம் வீடுகளில் இருக்கிற பழைய மடிக்கணினிகள் ஏற்காது. அரசு கொடுத்ததில் இன்னும் ஓடுகிறவை எத்தனை வீட்டில் பரண் மேல் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அவற்றை எடைக்குப் போடுவதற்கு முன் நான்காவது வருகை ஒன்று நடக்கலாம். இந்த முறை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அப்போது "யாரிடம் கேட்பது?" என்று ஒருவர் கேட்டால், தென்காசிப் பக்கம் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

நான் ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். பழைய அக்கவுண்ட்ஸ் நோட்டுதான், மிச்சப் பக்கங்களில். இடது பக்கம் தொல்லை, வலது பக்கம் தீர்வு, தேதியோடு. முதல் பதிவு ப்ரிண்டர், தீர்த்தவர் பெயர் பெஞ்சுக்காரன். இதுவரை இருபத்திமூன்று பதிவு. அதில் நான்கு மட்டும் வலது பக்கம் காலியாக இருக்கிறது, வைஃபை அடிக்கடி அறுபடுவது உட்பட. யாருக்காவது விடை தெரிந்தால் எழுதுங்கள். உங்கள் தொல்லையையும் எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அண்ணனுக்கும் போன வாரம் போன் போட்டு, அவருடைய பழைய லேப்டாப்பில் அந்த இரண்டாவதைத் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் கெடவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த பதிவில் சந்திப்போம். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், கேட்டவர்களுக்காக.